பாட்டன் பாவம் பேரனுக்கு வராது

குழந்தை தங்கவில்லை, வீட்டுக்காரர் குடியை விடவில்லை, பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று கண்கலங்கி நிற்கும் கிறிஸ்தவக் குடும்பங்களிடம், "இது பரம்பரைச் சாபம்" என்று சொல்லும் பழக்கம் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஜெபக்கூட்டங்களிலும் புகுந்துவிட்டது. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துக் குடும்ப மரம் வரையச் சொல்கிறார்கள். தூக்கு மாட்டிக்கொண்டவர், கருவைக் கலைத்தவர், குறி கேட்கப் போனவர் என்று செத்துப்போனவர்களின் பெயருக்கு எதிரே குற்றத்தை எழுத வேண்டும். பேனா பெரும்பாலும் வீட்டு மருமகளின் கையில் இருக்கும். முகம்கூடப் பார்த்திராத பாட்டியைக் குற்றவாளியாக்கிவிட்டு, அந்தக் குற்றத்தைத் தன் கருப்பையில் சுமந்துகொண்டு அவள் வீடு திரும்புகிறாள். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

இந்தப் பரம்பரைச் சாபம் திருச்சபையின் போதனையே அல்ல. கென்னத் மெக்கால் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1982இல் வெளியிட்ட ஒரு நூல் வழியாகத்தான் குடும்ப மரச் சுகமளிப்பு உலகெங்கும் பரவியது. பிரான்ஸ், கொரிய ஆயர்கள் 2007இலும், போலந்து ஆயர்கள் 2015இலும், ஸ்பெயின் ஆயர்கள் 2024இலும் இதைக் கண்டித்துவிட்டார்கள். ஜென்மப் பாவம் ஒன்றைத் தவிர வேறெந்தப் பாவமும் பிறப்பால் வருவதில்லை. அதையும் ஞானஸ்நானம் போக்கிவிடுகிறது. மூன்று நான்கு தலைமுறைத் தண்டனை பற்றிய விடுதலைப் பயண வசனத்தை நீட்டுகிறவர்கள், தகப்பன் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க வாதாடுவதை ஏன் வாசிப்பதில்லை? பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமே இல்லை என்றார் இயேசு. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வில்லியனூர்க்காரர்களுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1877இல் பிரான்சிலிருந்து வந்த லூர்து மாதா சுரூபத்தின் முன்னால் முழந்தாளிடுகிறோம். மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போகிறோம். 1858இல் லூர்து நகரில் அந்த மாதாவைக் கண்ட பெர்னதெத்தின் வீட்டு நிலைமை என்ன? அப்பா மாவு மில்லை இழந்தவர். மாவு திருடியதாகச் சந்தேகப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டவர். கைவிடப்பட்ட பழைய சிறை அறை ஒன்றில் குடும்பமே ஒண்டிக் கிடந்தது. உடன்பிறந்தவர்கள் பலர் சிறுவயதிலேயே இறந்தார்கள். அவளுக்கு ஆஸ்துமா, பிறகு எலும்பில் காசநோய். 1879இல், 35 வயதில் செத்துப்போனாள். பரம்பரைச் சாபக் கணக்குப்படி அந்த வீட்டைவிடச் சபிக்கப்பட்ட வீடு இருக்க முடியாது. மாதா தேடி வந்ததோ அந்த வீட்டுப் பெண்ணைத்தான். அருள் என்பது அதுதான். குடும்ப வரலாறு கேட்டுவிட்டு அது வருவதில்லை.

யாருடைய முன்னோரைக் குற்றவாளியாக்குகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். படியாளாக நாற்று நட்டு, ஏரிக்கரையில் மண் சுமந்த பாட்டன் ஊர்ச்சாமியைக் கும்பிட்டதைத் தாளில் எழுதச் சொல்கிறார்கள். அவனைப் படியாளாக வைத்திருந்த வீட்டின் பெயர் அந்தத் தாளில் வருவதேயில்லை. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள்ளேயே தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் அவர்கள் எதிர்த்துக் கேட்ட பிறகு அது இடிபட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பாவத்தின் விளைவு கல்லறைத் தோட்டங்களிலும் கல்யாணப் பேச்சுகளிலும் இன்னும் மிச்சமிருக்கிறது. குற்றம் பரம்பரையாக வராது. அநியாயத்தின் விளைவு வரும். அதை உயிரோடிருப்பவர்கள்தான் மாற்ற வேண்டும். சாபக்கட்டு அறுக்கும் ஜெபத்தால் அது மாறாது.

குடியும் அப்படித்தான். சாராயக்கடைகளை அரசே ஏலம் விடும் மண்ணில், மகன் குடிப்பதற்கு எள்ளுத்தாத்தாவைத் தேட வேண்டியதில்லை. அவனை ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். குழந்தை தங்காத பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கூடவே புருஷனும் போகட்டும். இறந்தவர்களுக்காகப் பூசை வையுங்கள், கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், அது அன்பு. உங்கள் சொந்தப் பாவம் உறுத்தினால் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். ஆனால் குடும்ப மரம் வரையச் சொல்லி யாராவது தாளை நீட்டினால், தயவுசெய்து அதைக் கையில் வாங்காதீர்கள்.