புரதமா, உயிரணுவா?

புற்றுநோயை இனங்காணும் புதிய மூலக்கூறு பற்றிய செய்தித் துணுக்கை மடித்து எடுத்துக்கொண்டு எங்களிடம் வரும் குடும்பத்தினர் பலர். "இது எங்களுக்கு எப்போது கிடைக்கும்?" என்பதே அவர்களது முதல் வினா. அதற்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு என்பது எங்கள் கருத்து: அம்மூலக்கூறு எதைக் கொண்டு தெரிவு செய்யப்பட்டது?

ஆப்டமர் என்பது டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏவின் குறுகிய ஒற்றை இழை. தனக்குரிய வடிவில் மடிந்து, குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும். இவற்றைத் தெரிவு செய்யும் முறையை 1990இல் அமெரிக்காவின் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. கோடானுகோடி இழைகளை இலக்குடன் கலந்து, ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கி, ஒட்டியவற்றைப் பெருக்கி, மீண்டும் மீண்டும் புடைத்தெடுப்பதே அம்முறை.

இலக்காகத் தூய்மையாக்கிய புரதத்தை வைக்கலாம்; உயிருள்ள உயிரணுவையே வைக்கலாம்.

புரத வழியில் இலக்கு இன்னதென்பது முன்பே தெரியும். ஒவ்வொரு சுற்றையும் கட்டுப்படுத்துவது எளிது. 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெகாப்டனிப் என்னும் கண் மருந்து இவ்வழியில் பிறந்தது. இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் புரதமே அதன் இலக்கு. அப்புரதம் உயிரணுவிலிருந்து சுரந்து வெளிவருவது. ஆனால், உயிரணுச் சவ்வில் பதிந்துள்ள புரதம் பிரித்தெடுக்கப்பட்டபின் இயல்பான வடிவத்தை இழக்கக்கூடும். அவ்வாறாயின், சோதனைக் குழாயில் இறுகப் பற்றிய ஆப்டமர் உடலிலுள்ள உயிரணுவை அறியாமலே போகலாம்.

உயிரணு வழியில் இக்குறை இல்லை. இலக்கின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களைக் கொண்டு தெரிவு செய்து 2006இல் வெளியிடப்பட்ட ஓர் ஆப்டமர் பற்றுவது பிடிகே7 என்னும் புரதத்தை என்பது பின்னரே தெரியவந்தது. எனினும், உயிரணுவின் மேற்பரப்பில் எண்ணற்ற மூலக்கூறுகள் உள்ளன. நோயற்ற உயிரணுக்களிலும் ஒட்டும் இழைகளைத் தனியே கழித்தாக வேண்டும். இறந்த உயிரணுக்கள் கண்ட இழைகளையெல்லாம் ஈர்த்துக்கொண்டு முடிவைக் குழப்பும். காலமும் உழைப்பும் மிகுதி.

ஆகவே, சுரந்து வெளிவரும் இலக்குக்குப் புரத வழியும், சவ்வில் பதிந்த அல்லது இன்னும் அறியப்படாத இலக்குக்கு உயிரணு வழியும் ஏற்றவை என்போம். எளிமைக்காக மட்டும் முன்னதைக் கைக்கொள்வதும், 'உயிருள்ள' என்ற சொல்லின் கவர்ச்சிக்காகப் பின்னதை நாடுவதும் முறையல்ல. எவ்வழியில் தொடங்கினும், சவ்வுப் புரதத்துக்கான ஆப்டமர் நோயுற்ற உயிரணுவைப் பற்றுகிறதா, நோயற்றதை விட்டுவிடுகிறதா என இரண்டையும் மெய்ப்பித்தல் வேண்டும்.

அடுத்த செய்தித் துணுக்கை நீங்கள் கொண்டுவரும்போது இவ்விரு வினாக்களையும் உடன் கொண்டுவாருங்கள். சேர்ந்தே விடை தேடுவோம். அதுவரை, நடைபெறும் சிகிச்சையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். நம்பிக்கை வேண்டும், அது ஆராய்ந்து கொண்ட நம்பிக்கையாக இருத்தல் வேண்டும்.