குடிக்காதவருக்கு என்ன ஆச்சு?

“இந்தக் கஷாயத்தைக் குடிச்சேன், மூணே நாள்ல ஜுரம் போயிடுத்து!” மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கும்போது காதில் விழுகிற பேச்சுதான். குடிக்காமலே இருந்தாலும் போயிருக்குமோ? ஒப்பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்!

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு இதே சென்னையில்தான் நடந்தது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுத்தே ஆகவேண்டும் என்றிருந்த காலம். படுக்கைகளோ போதவில்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் ஆகாதா? 1956-ல் சேத்துப்பட்டு ஆய்வு மையம் சோதித்துப் பார்த்தது.

டாக்டர்களே ஆள் பார்த்துப் பிரித்திருந்தால், நோய் முற்றியவர்கள் ஒரே பக்கம் சேர்ந்திருப்பார்கள், முடிவும் கோணலாகியிருக்கும். அதனால் யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலோ வறுமை, இடநெருக்கடி. ஆனாலும், குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, பல நாடுகளில் காசநோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமலே சிகிச்சை பெற வழிசெய்தது.

இனி யாராவது “எனக்கு உடனே கேட்டது” என்றால், “குடிக்காதவங்களுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுப் பாருங்கள்.