கதையை விற்ற பிறகு...

கதையைச் சினிமாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, பணமும் வாங்கியாயிற்று. அப்புறம் படம் பிடிப்பவர்கள் அதை என்ன பாடு படுத்தினாலும் எழுதியவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதானா? "பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு சம்பந்தி வீட்டுச் சமையலில் தலையிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. டில்லி ஐகோர்ட் 1986-ல் வேறு விதமாகப் பதில் சொல்லிற்று.

வழக்குத் தொடுத்தவர் ஹிந்திக் கதாசிரியை மன்னு பண்டாரி. அவருடைய 'ஆப்கா பண்ட்டி' என்ற நாவல் 'தர்மயுக்' வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1971-ல் புத்தகமாயிற்று. பண்ட்டியின் அம்மா சகுன், ஒரு காலேஜ் பிரின்ஸிபால். அவளும் கணவனும் விவாகரத்துப் பெற்று ஆளுக்கொரு மறுமணம் செய்துகொள்கிறார்கள். பிள்ளை இரண்டு வீட்டிலும் ஒட்டவில்லை. கடைசியில் ஹாஸ்டல். அவ்வளவுதான் கதை. அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதுதான் தாய்மார்களைத் தூங்க விடாதது!

ஷபனா ஆஸ்மி நடித்து 'ஸமய் கீ தாரா' என்று இது படமாயிற்று. படத்தில் பண்ட்டி செத்தே போகிறான்! கதையும் பாத்திரங்களும் சிதைந்துவிட்டன என்று கோர்ட்டுக்குப் போனார் ஆசிரியை. சினிமாவென்றால் முகம் சுளிப்பவர் அல்ல அவர். 1974-ல் வந்த 'ரஜனிகந்தா'வே அவர் சிறுகதைதான். கீழ்க் கோர்ட்டில் தடை கிடைக்கவில்லை. ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்.

1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தில் 57-வது பிரிவு என்று ஒன்று உண்டு. உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த பிறகும், 'இது என் படைப்பு' என்று சொல்லவும், அதைச் சிதைத்தால் தடுக்கவும் ஆசிரியருக்கு அது பாத்தியதை தருகிறது. ஒப்பந்தம் எதுவானாலும் இந்தப் பிரிவுக்கு அடங்கியதே என்றார் ஜஸ்டிஸ் வாட். திரைக்காகச் சில மாறுதல்கள் செய்யலாம். கதையே வேறாகிவிடக் கூடாது. (1994-ல் இந்தப் பிரிவைத் திருத்தி, ஆசிரியரின் கௌரவத்துக்கோ பெயருக்கோ பங்கம் வரும்படியான சிதைவாக இருக்கவேண்டும் என்று சேர்த்தார்கள்.)

இதில் வேடிக்கை, இரு தரப்பும் சமாதானமாகியும் தீர்ப்பு வேண்டுமென்று கேட்டு வாங்கினார்கள். சமாதானத்தின்படி, படத்தில் மன்னு பண்டாரியின் பெயரும் இல்லை. நாவலின் பெயரும் இல்லை. ஒரு தாய், "அவன் என் பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டு வந்த மாதிரி!