பிடித்தால் கேசு, பிடிக்காவிட்டால் சாதி இல்லை

செஞ்சிக் கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட தேசூர்ப் பக்கம் திரும்பிச் சீயமங்கலம் போவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த கோயில் அங்கே இருக்கிறது. சாமியின் பெயர் தூணாண்டார். தூண் ஒன்றின் மேல்பாகத்தில் சின்னதாக ஒரு சிவன் ஆடுகிறார். பக்கத்தில் படமெடுத்த பாம்பு.

பார்த்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மடியில் பிளாஸ்டிக் பையோடு ஒரு பெரியவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். பாம்பு பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த இருளர் பழங்குடி. பேத்திக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைகிறாராம். ஒரு அலுவலகத்தில், "நீ இருளன்தான்னா பாம்பு புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்களாம்.

"புடிச்சா கேசு, புடிக்கலன்னா சாதி இல்ல. நான் இன்னா பண்றது சார்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

அவர் சொன்ன 'கேசு'க்கு வேர், 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால், பாம்புத் தோலை விற்று அரிசி வாங்கிய குடும்பங்கள் இனி என்ன செய்யும் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1978-ல், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய பிறகே வழி பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே மத்திய அரசுதான். சங்கத்தை முதலிலேயே யோசித்திருந்தால் இடையில் அந்தப் பட்டினி எதற்கு?

சான்றிதழ் கதையும் அதே மாதிரி. 1989-க்குப் பிறகு பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். போலிகளைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால், தாத்தாவிடமோ அப்பாவிடமோ ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத குடும்பத்திடம், "பழைய ஆதாரம் கொண்டு வா" என்றால் எங்கே போகும்? போலியைப் பிடிக்க விரித்த வலையில் அசல்தான் சிக்கித் தவிக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடிக்கு ஒரு விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அந்த ஒன்றைத் தொடவே இந்தக் காகிதம் வேண்டும்.

ஒரு விதி யாரைப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லும் சட்டமும் உலகத்தில் உண்டு. பிரிட்டனில் கறுப்பின இளைஞன் ஸ்டீபன் லாரன்ஸ் கொலையைப் போலீஸ் விசாரித்த லட்சணம் அம்பலமான பிறகு, 2000-ல் இன உறவுச் சட்டத்தையே திருத்தினார்கள். அரசு அமைப்புகள் தங்கள் கொள்கை எந்த இனத்தாரை எப்படிப் பாதிக்கும் என்று பார்த்தாக வேண்டும் என்ற கடமை அப்படித்தான் வந்தது. அங்கே இனம், இங்கே சாதி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நம் ஊர் ஆணை ஒவ்வொன்றிலும் 'நிதிச்சுமை எவ்வளவு' என்று கணக்குப் பார்க்கிறோம். ஏரிக்கரை இருளர் குடிசைக்கு இதனால் என்ன சுமை என்றும் ஒரு வரி எழுதினால் கோப்பு கனத்துவிடாது.

பஸ் வந்தது. பெரியவரை மறுபடி புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். அன்றைக்கு அவருக்குக் கூலி போகும், பேத்திக்குப் பள்ளிக்கூடம் போகும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.