பழைய துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?



அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் (பெயர் போட வேண்டாம் என்றான்) மூன்று வாரமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய பழைய வின்செஸ்டர் 94 லீவர் துப்பாக்கியை முறைப்படி இவனுக்குக் கொடுத்துவிட்டார். மான் வேட்டைக் காலம் நெருங்குகிறது. எந்தத் தோட்டா வாங்குவது? இதைப் போய் வாத்தியாரிடமா கேட்பான் என்று சிரிக்காதீர்கள். கடைக்காரர் சொல்வதில் அறிவியல் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் கேட்டான்.

"மானைக் கொல்ல வழி சொல்கிறீர்களா?" என்று உறவில் சிலர் கோபப்படுவீர்கள். நம் நாட்டில் 1972 சட்டப்படி அது குற்றம், சரிதான். அங்கே ஓநாய் ஒழிந்து மான் பெருகிவிட்டது. அரசே உரிமம் கொடுத்து, இத்தனைதான் என்று கணக்கு வைத்து வேட்டைக்கு விடுகிறது. சுடுவது என்று ஆன பிறகு, மான் காயத்தோடு ஓடி இரவெல்லாம் துடிக்காமல் உடனே விழ வேண்டும். அதற்குத் தோட்டா சரியாக இருக்க வேண்டும்.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். 1894இல் வந்தது. அடுத்த ஆண்டே .30-30 என்ற தோட்டா வந்து இதோடு ஒட்டிக்கொண்டது. குண்டின் எடையைக் கிரேன் கணக்கில் சொல்வார்கள். நம் ஆசாரி குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி, அதுவும் தானியத்தில் பிறந்த அளவுதான். ஒரு கிரேன் சுமார் 65 மில்லிகிராம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 150, 170 கிரேன். அதாவது ஏறத்தாழ 10 கிராம், 11 கிராம். இரண்டும் மானுக்குப் போதும். "இன்னும் வேகமானது, இன்னும் தூரம் போவது" என்ற பேச்சில் மயங்காதே என்பதே என் கருத்து. பென்சில்வேனியாக் காட்டில் மரங்களுக்கு நடுவே 100 கஜத்துக்கு மேல் பார்ப்பதே அரிது.

குண்டின் மூக்குதான் முக்கியம். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் சுடுகுழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும். பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள பொட்டு மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் அது ஊசியாகக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். பிடித்திருக்கும் இடது கை அங்கேதான் இருக்கிறது. அதனால் தட்டை மூக்கு, அல்லது ஹார்னடி கம்பெனி இதற்கென்றே செய்யும் ரப்பர் போன்ற மென்முனைக் குண்டு, இரண்டில் ஒன்றுதான். சாவேஜ் 99 என்ற லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் சுழல் உருளையில் நிற்பதால் கூர்மூக்கும் போடலாம். அதைப் பார்த்து இதில் போடக் கூடாது.

நான் விடாமல் வாதாடுவது ஈயத்தைப் பற்றித்தான். அவன் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். வருடம் முழுக்க மான் கறி. ஈயக் குண்டு எலும்பில் பட்டால் பொடிப்பொடியாகச் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டி வெகு தள்ளியும் கிடக்கும். கொத்துக்கறியில் அப்படியே கலந்துவிடும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு, இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயம் இருப்பது தெரிந்து, அதைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்று கழுகுகள் சாகின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

"காலங்காலமாகச் சாப்பிட்டோம், என்ன ஆயிற்று?" என்று அந்தப் பெரியவர் கேட்டாராம். நம் வீட்டிலும் ஈயச் சொம்பில் ரசம் வைத்தோம். அந்தக் காலத்து ஆசாரி போட்டது வெள்ளீயம், இது காரீயம். பெயர் ஒன்று, பொருள் வேறு.

ஆகவே முழுச் செம்புக் குண்டு வாங்கு. பார்ன்ஸ் 150 கிரேனில் தட்டை மூக்கோடு செய்கிறது, ஹார்னடி 140 கிரேனில் செய்கிறது. செம்பு சிதறாமல் விரியும். வேகம் குறைந்தால் சரியாக விரியாது என்பது அதன் குறை. தூரத்து மானை விட்டுவிடு. விலை கூடத்தான். வருடத்துக்கு ஒன்றிரண்டு பெட்டிதானே.

வாங்கியதும் காட்டுக்கு ஓடாதே. துப்பாக்கியை முதலில் மெக்கானிக் ஒருவர் பார்க்கட்டும். பிறகு 50 கஜத்திலும் 100 கஜத்திலும் காகிதத்தில் சுட்டுப் பார். ஒவ்வொரு பழைய துப்பாக்கிக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், ஒன்று பிடிக்காது. பெரியவர் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த, பச்சை களிம்பேறிய தோட்டாக்களைத் தொடவே வேண்டாம்.

தம்பி, இன்னொன்று. .30-30 என்று பெரியவர் வாயால் சொன்னார் என்கிறாய். சுடுகுழலில் பொறித்திருப்பதை நீ பார்த்தாயா? இதே துப்பாக்கி .32 ஸ்பெஷலிலும் வந்திருக்கிறது. படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதுவரை பெட்டி எதையும் வாங்காதே.