சிறு கிளிப்பும் பெரிய வண்டியும்



பெரிய பொருள்களின் ஆயுள் பெரும்பாலும் சிறிய பொருள்களின் கையில்தான் இருக்கிறது. கதவு எத்துணைக் கனமான தேக்கானாலும் அதனைத் தாங்குவது ஒரு கீல்தான். இவ்வுண்மையை விளக்க இம்மாதம் ஒரு பழைய வாகனத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டில் 1967 முதல் 1972 வரை விற்பனைக்கு வந்த செவ்ரோலே பிக்-அப் லாரிகள் இன்றும் அந்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் தீவனமும் விறகும் சுமந்த அவ்வண்டிகள், பல இல்லங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் கைமாறிக் குடும்பச் சொத்தாகிவிட்டன. ஓய்வு நாள்களில் வீட்டார் ஒன்றுகூடி அவற்றைப் பிரித்துத் துருநீக்கி, வண்ணம் பூசிப் புதுப்பிக்கிறார்கள். எஞ்சின் பாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வண்டியின் பக்கவாட்டில் ஓடும் பளபளப்பான அலங்காரப் பட்டையைத் தகட்டோடு பிடித்து வைத்திருக்கும் கிளிப்பும் நட்டும் இருக்கின்றனவே, அவற்றிலேதான் வேலை வந்து நின்றுவிடுகிறது.

இவ்வளவு அற்பமான பொருளுக்கு ஏன் இத்தனை அல்லல் என்று கேட்கலாம். அதனைப் புரிந்துகொள்ள, அப்பட்டை எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அலுமினியத்தாலோ எவர்சில்வராலோ ஆன பட்டையின் பின்புறம் இரு விளிம்புகளும் உள்நோக்கி மடிந்திருக்கும். அம்மடிப்புக்குள் கிளிப்பின் தலை செருகப்படும். அதன் கால் வண்டித் தகட்டிலுள்ள துளைக்குள் சென்று விரிந்து பற்றிக்கொள்ளும். பட்டையின் முனைகள் காற்றில் எழாதிருக்க, அங்கே மட்டும் மரையுள்ள காலை வைத்துத் தகட்டின் உட்புறத்தில் நட்டு முடுக்குவதும் உண்டு. பெயர் எழுத்துகளும் சின்னங்களும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அவற்றின் மெல்லிய கால்களை வில்தகட்டு நட்டுகள் கவ்விக்கொள்ளும்.

இவ்வில்தகட்டு நட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கிளீவ்லாந்து நகரில் அடுப்புத் தொழில் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டின்னர்மன் என்பவர் 1920-களில் இதனை உருவாக்கினார். எனாமல் பூசிய அடுப்புத் தகடுகளைச் சாதாரண நட்டால் முடுக்கும்போது எனாமல் வெடித்துப்போயிற்று. வளைந்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்று, முடுக்கத்தைத் தன் வில்தன்மையால் ஏற்றுக்கொண்டு, எனாமலை நொறுக்காமல் இறுகப் பிடித்தது. அடுப்புக்குப் பிறந்த அந்தப் பொருள் பின்னர் மோட்டார் வாகனத்துக்கும் விமானத்துக்கும் சென்றது. மெல்லிய பொருளை மெல்லப் பிடிக்கவேண்டும் என்பதே அதன் தத்துவம். அதன் இடத்தில் தடித்த நட்டு ஒன்றை வைத்து வலிமையோடு திருகினால், ஐம்பது ஆண்டு கண்ட வார்ப்புக் கால் முறிந்துவிடும். முறிந்த காலை மீண்டும் ஒட்டவைப்பது அரிது.

அடுத்த இடர்ப்பாடு மரையில் இருக்கிறது. 1841-இல் ஆங்கிலேயரான ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணமுள்ள மரையை முன்மொழிந்தார். 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை மரையை அமெரிக்காவுக்காக முன்மொழிந்தார். 1948-இல் அமெரிக்காவும் கனடாவும் பிரிட்டனும் ஒன்றுகூடி ஒரே அங்குல மரைக்கு உடன்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமோ 1970-களில் மில்லிமீட்டர் அளவுக்கு மாறத் தொடங்கியது. ஆகவே நாம் பேசும் லாரிகள் அங்குல மரையைக் கொண்டவை. இன்று கடைகளில் மில்லிமீட்டர் மரைகளும் அருகருகே குவிந்திருக்கின்றன.

இங்கேதான் கண் ஏமாறுகிறது. 10-ஆம் எண்ணுடைய அங்குலத் திருகாணியின் குறுக்களவு ஏறத்தாழ 4.83 மில்லிமீட்டர், அதன் நுண்மரை வகையில் அங்குலத்துக்கு 32 சுற்று. சாதாரண 5 மில்லிமீட்டர் திருகாணியின் மரை 0.8 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது. அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 31.75 சுற்று. வேற்றுமை மயிரிழை அளவே. ஆதலால் மில்லிமீட்டர் நட்டு அந்த அங்குலத் திருகாணியில் தடையின்றி ஏறிவிடும். பொருந்திவிட்டது என்று மகிழ்வோம். உண்மையில் அது பற்றவில்லை, தொளதொளவென்று அமர்ந்திருக்கிறது. சாலையின் அதிர்வில் சில நாள்களிலேயே கழன்று, பட்டை காற்றில் அடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பிய்ந்து பறந்தால் பின்னால் வருவோருக்கும் ஆபத்து.

மூன்றாவது, உலோகங்களின் உறவு. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கையில் இடையே உப்புநீர் சேர்ந்தால், அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காக அரிக்கப்படுகிறது. அலுமினியமும் எஃகும் சேர்ந்தால் பெரும்பாலும் அலுமினியம் கரையும். எஃகும் எவர்சில்வரும் சேர்ந்தால் எஃகு கரையும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அவ்வுப்புநீர் பட்டையின் பின்னே தங்கி, கிளிப்பின் துளையில் பூச்சு உரிந்த இடத்தைத் தேடிப் புகுகிறது. துரு அங்கிருந்தே புறப்படுகிறது. சில்லறைக் காசு பெறும் கிளிப்பைப் பொருந்தாத ஒன்றால் ஈடுசெய்ததால், ஒரு முழுப் பக்கத் தகட்டையே வெட்டி மாற்றவேண்டிய நிலை வருவது இவ்வாறுதான்.

அப்படியாயின் தேடும் முறை யாது?

முதலாவது, முறிந்து துருப்பிடித்த பழைய கிளிப்பை எறிந்துவிடக் கூடாது. அது குப்பையன்று, சாட்சி. இரவெல்லாம் துருவிளக்கும் எண்ணெயில் ஊறவிட்டு, இயன்றவரை தகட்டின் உட்புறமிருந்தே பொறுமையாகக் கழற்றவேண்டும். வெளியிலிருந்து இரும்புக் கம்பியால் நெம்பினால் பட்டை மடங்கிவிடும். மடங்கிய அலுமினியம் பழைய நேர்மைக்குத் திரும்புவதில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலிட்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது துளை என்று எழுதிவைப்பது நன்று. ஒரே பட்டையில் இரண்டு மூன்று வகைக் கிளிப்புகள் இருப்பதுண்டு.

இரண்டாவது, அளக்கவேண்டும். துளையின் குறுக்களவு, பட்டையின் மடிப்புகளுக்கு இடைப்பட்ட அகலம், தகட்டின் கனம், பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஆகிய நான்கும் தெரிந்தால் கடைக்காரர் தடுமாறமாட்டார். மரையை அளக்க, சீப்பைப் போன்ற பற்களுடைய மரை அளவுகோல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கண்ணால் ஒப்பிட்டு வாங்குவதைவிட அது பன்மடங்கு நம்பத்தக்கது.

மூன்றாவது, தொழிற்சாலையின் பாகப் பட்டியலைப் பார்க்கவேண்டும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணே அதன் உண்மைப் பெயர். அக்காலத்து ஏடுகளின் மறுபதிப்புகள் இன்று விற்பனையில் உள்ளன. எண் தெரிந்தபின் மூன்று வழிகள் திறக்கும். பழைய வாகனக் கிடங்குகளில் அதே ஆண்டுகளின் வேறொரு வண்டியிலிருந்து எடுக்கலாம். விற்காமல் எஞ்சிய அக்காலச் சரக்கைத் தேடலாம். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் 1955-இல் தொடங்கிய பழைய வாகனச் சந்தை போன்ற இடங்களில் அத்தகையவை கடைபரப்பப்படுகின்றன. அல்லது பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்யப்பட்டதை வாங்கலாம்.

இம்மூன்றில் பழஞ்சரக்கே மேலானது என்று எண்ணவேண்டியதில்லை. எஃகுக் கிளிப்பானால் பூச்சு கெடாதவரை அது நல்லதே. நைலான் கிளிப்போ உறையைப் பிரிக்காமலே முதுமையடைந்திருக்கும். காலை விரித்தவுடன் நொறுங்கும். பிளாஸ்டிக் கிளிப்புகளைப் புதிதாக வாங்குவதே அறிவுடைமை. எதுவாயினும் முதலில் இரண்டொன்றை மட்டும் வாங்கிப் பொருத்திப் பார்த்து, சரியென்று தெளிந்தபின் தேவைக்குமேல் நான்கைந்து சேர்த்து வாங்குக. பொருத்தும்போது ஓரிரண்டு உடைவது இயல்பு.

இறுதியாக, துளையை வெறுமையாக விடலாகாது. துருவை நீக்கி, துளையின் விளிம்புக்கும் பூச்சிட்டு நன்கு உலரவிடவேண்டும். பிறகு கிளிப்பின் அடியில் என்றும் இறுகாத பியூட்டைல் ரப்பர்ப் பசையைச் சிறிது வைத்து அழுத்தினால் நீர் உள்ளே புகாது. நட்டைக் கைவலிமை காட்டி முடுக்காமல், பட்டை அசையாத அளவில் நிறுத்துவதே முறை. பழைய துளை பொருந்தவில்லையென்று துளைக்கருவியை எடுத்துப் புதிய துளையிட நினைப்பவர் ஒருகணம் நிற்பாராக. பொருந்தாதது துளையன்று, நாம் வாங்கிவந்த கிளிப்புதான். கிளிப்பை மாற்றலாம், தகட்டை மாற்றுவது எளிதன்று.

வாசகர்களே, இது லாரிக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் வீட்டுத் தையல் இயந்திரமும், மிதிவண்டியும், மின்விசிறியும் ஒரு சிறு பாகத்துக்காக மூலையில் முடங்கிக் கிடக்கக்கூடும். கிடைத்ததை வைத்துத் திணிக்காமல், உரியது எது என்று அளந்து தேடும் பொறுமை ஒருவருக்கு இருந்தால், அவை மீண்டும் உழைக்கும். அந்தப் பொறுமையை வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் பழக்குவோம். பழைய கிளிப்பை அளந்து, எண்ணி, உறையிலிட்டு எழுதும் வேலையை அவர்களிடமே ஒப்படைக்கலாம்.