பாலைவனத்தில் ஏழு மாதக் குடித்தனம்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த வளைக்குச் சக்கரம் பொருத்தி, ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போய், வாடகை அதிகம் கேட்காத இடமாகப் பார்த்து நிறுத்திக் குடியிருக்கும் கூட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஆர்.வி. என்று சொல்லப்படும் வீட்டு வண்டிதான் அவர்களுக்கு வீடு. நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் நம்மவர்கள், அங்குள்ள கோயில்களைப் பற்றியும் கடைகளைப் பற்றியும் நயாகராவைப் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். இந்த வண்டிக் குடித்தனத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கே இருப்பது என்ற கேள்வி வெளியூரில் பிழைக்க வந்த நம் எல்லோருக்கும் உண்டு என்பதால், இது குறித்து என் கருத்தை எழுதத் துணிகிறேன்.

மத்திய அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, டில்லியிலேயே தங்கிவிட்டவன் நான். என் மகள் குடும்பம் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் குவார்ட்ஸைட் என்ற சிற்றூர் வரும். நிரந்தரமாக வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஜனவரி மாதத்தில் நான் பார்த்தபோதோ, ஊரைச் சுற்றிய பாலை நிலம் முழுவதும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வெள்ளை வண்டிகளாக நின்றன. வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வந்தவர்கள். பிழைப்புக்காக வந்தவர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. 1856இல் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு கப்பலேறி வந்த ஹாஜி அலி என்பவர் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அவருடைய கல்லறை மேல் ஒரு சிறு பிரமிடு, அதன் உச்சியில் ஓர் ஒட்டகம்.

இவ்வளவு பேர் எப்படி அங்கே சட்டப்படி தங்க முடிகிறது? பி.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய நில நிர்வாகத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில் யாரும் இலவசமாக வண்டியை நிறுத்தித் தங்கலாம். ஆனால் பொதுவாக 28 நாளில் 14 நாள்தான். பிறகு குறிப்பிட்ட தூரம் தள்ளிப் போய்விட வேண்டும். வயதானவர்கள் இரண்டு வாரத்துக்கொருமுறை மூட்டை கட்டுவது கஷ்டம் அல்லவா? அதற்காக 1983இல் ஓர் ஏற்பாடு வந்தது. அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் சில பாலை நிலங்களை 'நீண்டகால வருகையாளர் பகுதி' என்று ஒதுக்கினார்கள். குவார்ட்ஸைட்டை ஒட்டிய லா போசா, யூமா அருகில் இம்பீரியல் டேம், கலிபோர்னியாப் பக்கம் ஹாட் ஸ்பிரிங்ஸ், பைலட் நாப், மியூல் மவுண்டன் என்பவை அவற்றில் சில. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதம் அங்கே இருக்கலாம். பல ஆண்டுகளாக இதற்குக் கட்டணம் பருவம் முழுவதற்கும் 180 டாலர், இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றால் 40 டாலர் என்று இருந்தது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஒரு டாலர்கூட ஆகாது. ஒரே அனுமதியில் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளவும் செய்யலாம். கட்டணம் மாறக்கூடியது. போகிறவர்கள் அந்தந்த ஆண்டு விசாரித்துக்கொள்வது நல்லது.

இதைப் படித்தவுடன் 'அடேயப்பா, இவ்வளவு மலிவா!' என்று தோன்றும். நிலம்தான் மலிவு, வாழ்க்கை மலிவு என்று சொல்ல முடியாது. மின்சார இணைப்பு கிடையாது. கூரைமேல் சூரியத் தகடும் வண்டிக்குள் பேட்டரியும் வேண்டும். தண்ணீர்க் குழாய் வண்டியருகே வராது. பொதுக் குழாய்க்குப் போய்ப் பிடித்து வந்து தொட்டியில் நிரப்ப வேண்டும். கழிவுநீரைத் தரையில் விடக் கூடாது. வண்டியிலேயே அதற்குத் தொட்டி இருக்க வேண்டும், அது நிரம்பினால் அதற்கென உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அப்படிப்பட்ட தொட்டி இல்லாத வண்டிகளுக்குக் கழிப்பறைக்கு அருகில் மட்டுமே இடம். பெரிய மோட்டார் வீடுகள் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போனாலே அதிகம். ஆகவே மிச்சம் பிடிப்பதன் ரகசியம் வண்டி ஓட்டுவதில் இல்லை, ஓட்டாமல் ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதில்தான் இருக்கிறது. ஏழு மாதம் நிற்க அனுமதிக்கும் இடத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததன் காரணமும் அதுவே.

சரி, ஏப்ரல் 15க்குப் பிறகு? மறுபடியும் 14 நாள் விதி வந்துவிடும். விதி வராவிட்டாலும் வெயில் துரத்திவிடும். ஜனவரியில் பகலில் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும் அதே இடத்தில் ஜூலையில் 42 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். தகரப் பெட்டி போன்ற வண்டிக்குள் மனிதர் இருக்க முடியாது. எனவே ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்பவர்கள் கோடைக்கு மலைப்பகுதியைத் தேடிப் போகிறார்கள். பாலைக்கு ஒரு கணக்கு, மலைக்கு ஒரு கணக்கு என்று இரண்டு கணக்கும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். அவர்களில் பலர் பாதிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வீட்டை விற்று விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கட்டணமே இல்லாத இடமும் உண்டு. கலிபோர்னியாவில் நைலண்டு என்ற ஊருக்கு வெளியே, இரண்டாம் உலகப் போரின்போது மரைன் படை வீரர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்று இருந்தது. முகாமைப் பிரித்துக்கொண்டு போனபின் சிமெண்டுத் தளங்கள் மட்டும் மிஞ்சின. அந்தத் தளங்களின் மேல் வண்டியை நிறுத்திக் குடியேறினார்கள். 'ஸ்லாப் சிட்டி' என்ற பெயர் வந்தது அப்படித்தான். அங்கே வாடகை இல்லை, காலக்கெடு இல்லை. குடிநீர்க் குழாய் இல்லை, சாக்கடை இல்லை, குப்பை எடுக்க ஆளும் இல்லை. இனாமாக வருவது நல்லது என்று நினைக்கும் மனம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், சிறு தொகை வாங்கிக்கொண்டு குழாயும் கழிப்பறையும் காவலும் தரும் இடமே வயதானவர்களுக்கு ஏற்றது என்பேன். அந்தக் கட்டணம் நிலத்துக்கான விலையல்ல, ஒழுங்குக்கான விலை.

'இதெல்லாம் வீடிழந்தவர்களின் கதை. இதில் பாராட்ட என்ன இருக்கிறது?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் வெளியிட்ட 'நோமேட்லேண்ட்' என்ற நூல், 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வாடகை கொடுக்க வழியில்லாமல் வண்டிக்கு வந்து, முதிய வயதில் பருவகாலக் கூலி வேலைக்கு ஓடியவர்களைப் பற்றிப் பேசுகிறது. அதே பெயரில் வந்த திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசையும் பெற்றது. 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் படுத்துறங்குபவர்களுக்கு நகராட்சிகள் அபராதம் விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நகரத்தில் விரட்டப்படுகிறவனுக்குப் பாலைவனத்தில் சட்டப்படி ஓரிடம் கிடைப்பது சிறிய விஷயம் இல்லை. ஆனால் விரும்பி வந்தவனும் வேறு வழியின்றி வந்தவனும் பக்கத்துப் பக்கத்து வண்டியில்தான் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வண்டி பழுதானால் அல்லது உடம்பு படுத்துக்கொண்டால் போய்ச் சேர ஒரு கூரை இருக்கிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் பக்கம் சத்திரங்கள் இருந்தன. வழிப்போக்கர்கள் மூன்று நாள் தங்கலாம், சாப்பிடலாம். அதன்பின் இடத்தைக் காலி செய்து அடுத்தவருக்கு விட வேண்டும். சத்திரம் கட்டியவரை யாரும் குறை சொன்னதில்லை. சத்திரத்தைச் சொந்த வீடு என்று நினைத்தவரைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது. லா போசாவும் ஒரு பெரிய சத்திரமே. 'வருகையாளர் பகுதி' என்று அரசாங்கம் பெயரிலேயே சொல்லிவிட்டது. அரசுக் குடியிருப்பில் காலம் கழித்த நமக்கு இது புரியாததல்ல. ஒதுக்கீட்டு உத்தரவு வந்த நாளிலிருந்தே காலி செய்ய வேண்டிய நாளும் கூடவே வருகிறது. அதை மறந்து கடைசி ஆண்டில் விழித்துக்கொண்டு அலைந்தவர்களை நம் சங்கத்திலேயே பார்த்திருக்கிறோம்.

அமெரிக்காவில் உள்ள நம் பிள்ளைகளிடையேயும் இந்த ஆசை பரவுகிறது. கணினி வேலையை எங்கிருந்தும் செய்யலாம், வீட்டுக் கடனை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பெற்றோர் சொல்ல வேண்டியவை சில உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர் எங்கே வேலை செய்கிறார் என்பது மனுவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வேலை செய்யும் இடத்தை வேறு வட்டாரத்துக்கு மாற்றினால் முதலாளி திருத்த மனு போட வேண்டும். இஷ்டப்பட்ட பாலையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறக்க முடியாது. பச்சை அட்டை வைத்திருப்பவரும் முகவரி மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குடியுரிமை பெற்றவருக்கும் ஓட்டுநர் உரிமம், வரி, காப்பீடு எல்லாவற்றுக்கும் நிலையான முகவரி வேண்டும். தெற்கு டகோட்டா, டெக்சஸ், ஃப்ளோரிடா ஆகிய மாநிலங்களில் அஞ்சல் முகவரி வாங்கிக்கொள்கிறார்கள் இந்த வண்டிவாசிகள். மருத்துவக் காப்பீடு ஒரே வட்டாரத்து மருத்துவர்களுக்குள் அடங்கியதாக இருந்தால், வேறு மாநிலத்தில் அவசரத்துக்கு மட்டுமே உதவும். பல் வலி வந்தால் யூமாவைத் தாண்டி மெக்சிகோவில் உள்ள லாஸ் அல்கோடோனெஸ் என்ற சிற்றூருக்குப் போகிறார்கள். பல் மருத்துவர்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கும் ஊர் அது. மலிவைத் தேடிய வாழ்க்கை எல்லை தாண்ட வைக்கிறது, பாருங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் நான் அந்த வாழ்க்கைக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். தேவைக்கு மேல் சாமான் சேர்க்காமல், ஒரு வாளித் தண்ணீரின் அருமை தெரிந்து, அண்டை வண்டிக்காரரின் பேட்டரிக்குக் கை கொடுத்து வாழும் அந்த முதியவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. பாலை என்றால் பிரிவு என்று வகுத்த மரபு நம்முடையது. அந்தப் பாலையில் போய் உறவு தேடிக்கொள்ளும் கூட்டம் அது. பனிக்காலம் ஒன்றைக் குறைந்த செலவில் கழிக்க அதைவிட நல்ல இடம் அந்த நாட்டில் இருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே என் கருத்து இதுதான். வண்டி வாங்கும் பணத்தோடு, வண்டியை விட்டு இறங்கும் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு போகட்டும். ஒரு பருவம் இருந்து பார்க்காமல் வீட்டை விற்க வேண்டாம். மழை வந்தால் வெள்ளம் பாயும் ஓடைப் படுகையில் வண்டியை நிறுத்த வேண்டாம். குழந்தைகள் இருந்தால் பள்ளிக்கூடத்தை முதலில் யோசிக்கட்டும். இந்த முன்யோசனை இருப்பவருக்கு அந்தப் பாலைவனம் ஏழு மாத விருந்து. இல்லாதவருக்கு ஏப்ரல் 16ஆம் தேதி காலையில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்ற கேள்விதான் மிஞ்சும். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.